பதினேழாம் எண் ஏரி

மோல்மேனில் பிறந்தவளுக்குப் பனி என்றால்
டிசம்பரில் சால்வீன் மேல் கொஞ்ச நேரம் நிற்பது,
ஏழு மணிப் படகு வந்ததும் விலகிப்போவது.
மலையையே அரைக்கிற ஒன்றையும்
அதே சொல்லால்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அடையாள அட்டையில் நான் கின் மார் வே.
களக் குறிப்பேட்டில் மட்டும் அம்சவேணி,
அதுவும் பென்சிலில்.
மேலே பேனா மை உறைந்துவிடும்.

புட்டாவோவில் இறங்கி ஒன்பது நாள் நடை.
தவா முன்னால், துளைக்கருவி அவன் முதுகில்.
போன ஆண்டு பனியாற்றில் துளையிட்டு
ஆறு மூங்கில்களை உச்சி மறைய இறக்கிவிட்டுப் போயிருந்தோம்.
இந்த ஆண்டு
வேரில்லாமல் வளர்ந்து நிற்கின்றன.
ஒன்று என் தோளளவு.
ஒன்று தவாவை விட உயரம்.
இரண்டு விழுந்து கிடந்தன.
டேப்பைப் பிடித்தபடி கேட்டான்:
மூங்கில் ஏறிச்சா, தரை இறங்கிச்சா?
தரை, என்றேன்.
அதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

இறங்கியதெல்லாம் அடியில் ஏரியாக நிற்கிறது.
வரைபடத்தில் பெயர் இல்லை, எண் பதினேழு.
செயற்கைக்கோள் ஐந்து மாதமாக
மேகத்தை மட்டுமே படம் பிடித்து அனுப்புகிறது.
ஆகவே ரப்பர் படகு.
ஒலியை உள்ளே விட்டு, அது திரும்பும் வரை காத்திருப்பது.
நாற்பத்தொரு மீட்டர்.
இவ்வளவையும் தாங்கிப் பிடித்திருப்பது
பனியாறு ஒதுக்கிப்போட்ட கல்லும் மண்ணும்,
அதற்குள் இன்னும் உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியும்.
கரையில் நீர்மட்டக் கருவியை நட்டுவிட்டு
கிராமத்துக்கு இறங்கினோம்.

செவ்வாய் இரவு இரண்டு மணிக்குக்
கருவி பேச்சை நிறுத்தியது.
'பேட்டரி தீர்ந்திருக்கும்'
என்று எழுதிவிட்டுத் தூங்கினேன்.

விடியலில்
ஆற்றுச் சத்தம் நின்று என்னை எழுப்பியது.
பாறைகளின் இடுப்பில் ஈரக்கோடு.
பிள்ளைகள் குட்டைகளில் கையால் மீன் அள்ளினார்கள்.
ஸிங் நாங் லுங்கியை வரிந்து கட்டிக் கூடையோடு நின்றாள்,
திருவிழா முகம்.
ஏறுகிற ஆற்றுக்கு எல்லோரும் பயப்படுவார்கள்.
இறங்குகிற ஆற்றுக்குப் பயப்பட
எனக்கு ஆறு வருடப் படிப்பு தேவைப்பட்டது:
பதினேழின் கரை எங்கோ சரிந்து
இடுக்கில் ஆற்றின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.
பிடி எவ்வளவு நேரம்?

ரவாங் மொழியில் எனக்கு இருபது சொல் தெரியும்.
'ஓடு' அதில் இல்லை.
தேவாலய வாசலில் மணியாகத் தொங்குவது
போர்க்காலத்தில் விழுந்த விமானத்தின் தகடு.
கல்லை எடுத்து அடித்தேன், அடித்தேன்,
தவா வந்து எனக்காகக் கத்தும் வரை.

மேட்டுச் சோளக்கொல்லையில்
ஊரே என்னைப் பார்த்து நின்றது.
என் கணக்குக்கு இருபது நிமிடம்.
இருபது போனது.
நாற்பதும் போனது.
ஒருவர் சுருட்டு பற்ற வைத்தார்.
பிள்ளைகள் மீனுக்காகச் சிணுங்கின.
ஸிங் நாங் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு
விட்டுவந்த கூடைக்காகப் பாதி வழி இறங்கிவிட்டாள்.
என் கணக்கு பொய்க்கட்டும் என்று வேண்டினேன்,
பொய்த்துவிடுமோ என்றும் பயந்தேன்.
வெட்கக்கேடு, இரண்டும் ஒரே நெஞ்சில்.

முதலில் வாசனை வந்தது,
அப்போது தோண்டிய கிழங்கின் பச்சை மண் வாசனை.
பிறகு காற்று.
பிறகுதான் தண்ணீர்,
தண்ணீர் என்று சொல்ல முடியாத நிறத்தில்,
மரங்களை நிமிர்த்தியபடியே நடத்திக்கொண்டு.

ஸிங் நாங் ஏறி வந்துவிட்டாள்.
கூடை வரவில்லை.
தொங்குபாலம், நான்கு வீடு, ஒரு மிதுன் மாடு.

சேறு காயும் முன்
பள்ளிச் சுவரில் வெள்ளக்கோட்டை அளந்தோம்.
இரண்டு மீட்டர் முப்பது.
டேப்பைப் பிடித்த தவா இம்முறை எதுவும் கேட்கவில்லை.

இரவு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து
'பேட்டரி'யை அழித்தேன்.
பென்சில்தான்.
ஆனாலும் அழுத்தி எழுதியிருக்கிறேன்,
விரலால் தடவினால் இன்னும் வாசிக்க வருகிறது.